போகியன்று பின்னால் போன வண்டி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். திருமுல்லைவாயில் மாசிலாமணி ஈஸ்வரர்மேல் ஆணை. அது போதாது என்பவர்களுக்குக் கற்பூரம் ஏற்றி அணைத்துக் காட்டவும் தயார். கூட்டிச் சொன்னது எதுவும் இல்லை. கேட்கிறவர் நம்பமாட்டாரே என்று சில இடங்களில் குறைத்துச் சொன்னது உண்டு, அவ்வளவுதான்.

அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் மூன்றாவது தெருவில் கோதண்டம் வீடு. ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாற்பது டன் டாங்கிகளுக்குத் தன் கையால் நட்டு முடுக்கியவருக்கு, போகும்போது ஒரு சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும்தான் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு டாங்கி கொடுத்திருக்கலாம் என்று அவருக்கு உள்ளூர ஒரு வருத்தம். அந்த வருத்தம் தீரத்தான் நான்கு வருடத்துக்கு முன்னால், எழுபத்தெட்டாம் வருடத்து டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்து போர்டிகோவில் நிறுத்தினார். எந்தக் கம்பெனி என்று கேட்டால் அவராலும் சொல்ல முடியாது. டேங்கில் எழுதியிருந்த பெயரில் கடைசி எழுத்து மட்டும்தான் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து கோதண்டத்துக்கு வேறு வேலை இல்லை. ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, மண்ணெண்ணெயில் குளிப்பாட்டி, ஊறுகாய் பாட்டிலில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று சீட்டு எழுதி ஒட்டினார். கார்புரேட்டரைப் பதினோரு தடவை கழற்றி மாட்டினார். முதல் தடவை பழுது பார்க்க. மற்றப் பத்தும் சந்தோஷத்துக்கு.

வண்டி இரண்டு தடவை ஸ்டார்ட்டும் ஆனது. இந்த ரக வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். லிட்டருக்கு ஐம்பது மில்லி போதும். டாங்கிக்காரர் கை அல்லவா, கோதண்டம் கால் லிட்டர் ஊற்றினார். முதல் நாள் கிளம்பிய புகையில், எதிரே ரயில் பாதையில் போன ஆவடி லோக்கல் பட்டப்பகல் பதினொரு மணிக்கு ஹெட்லைட் போட்டுக்கொண்டு போனது. இரண்டாவது நாள், கொசுப்புகை அடிக்கிறவர் மெஷினோடு தெருமுனைவரை வந்தார், நின்று பார்த்தார், இந்தத் தெரு முடிந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். இரண்டு நாளும் வண்டி பத்தடி போய் நின்றது. கோதண்டம் தள்ளிக்கொண்டு வந்தார்.

மார்கழி பாதியில் அவர் மனைவி ராஜகுமாரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டிகோவுக்கு வந்தாள்.

"ஏங்க, எட்டு மாசமா வாஷிங் மிஷின் அட்டப்பெட்டியோட பெட்ரூம்ல கீது. குழாய் இருக்கிற இடம் இது ஒண்ணுதான், இதையும் இந்தச் சனியன் அடைச்சிக்கினு கீது. நான் கையால தொவைச்சு, மடிச்சு, அந்த மிஷினு மேலயே அடுக்குறேன். எந்த ஊட்லயாச்சும் இந்தக் கூத்து நடக்குமா?"

"இன்னும் ஒரே ஒரு வேலதான் பாக்கி, ராஜி."

"போன பொங்கலுக்கும் இதையேதான் சொன்னீங்க. நல்லாக் கேட்டுக்கங்க. போகி அன்னிக்குக் காலைல எட்டு மணிக்கு வேம்புலி வருவான். அதுக்குள்ள உங்க வண்டி ரேஷன் கடையைத் தொட்டுட்டு, ஒருத்தரும் தள்ளாம, தானா ஊடு வந்து சேரணும். வந்தா இங்கயே இருக்கட்டும், நான் வாயத் தொறக்க மாட்டேன். வரலேன்னா அவன் ஏத்திக்கினு போவட்டும்."

வேம்புலி மண்ணூர்பேட்டையில் பழைய இரும்பு எடுக்கிற காயலாங்கடை வைத்திருப்பவன். அவனுடைய மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏறிய எந்தச் சாமானும் திரும்ப இறங்கியதாகச் சரித்திரம் இல்லை.

மறுநாள் காலையே பக்கத்து வீட்டு உத்தமனைக் கூப்பிட்டார். உத்தமன் லோக்கல் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் இடையே இருபத்தாறு வருடம் கடைசிப் பெட்டியில் நின்று, விட்டுப்போன ஊரையே பார்த்துக்கொண்டு வந்தவர்.

பாக்கி இருந்த வேலை டைமிங் வைப்பது. பிஸ்டன் மேலே வந்து முட்டுவதற்கு ஒரு நூல் முன்னால் பிளக்கில் பொறி விழ வேண்டும். எஞ்சின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து அதற்குத் தக்கபடி வைக்க வேண்டும். கோதண்டம் வண்டிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினார். டைமிங் வைக்கிற மூடி இடப்பக்கம். அங்கே உத்தமன் ஸ்க்ரூ டிரைவரோடு குந்தியிருந்தார்.

"எந்தப் பக்கம் சுத்துது அண்ணாத்தே?"

"கடிகாரம் சுத்துற பக்கம்."

"கரீட்டா சொல்லு, அப்பால என்னியச் சொல்லாத."

"ஏய், முப்பத்திரண்டு வருஷ சர்வீஸு. கடிகாரம் சுத்துற பக்கம்தான், வை."

உத்தமன் தன் பக்கத்திலிருந்து பார்த்து, கடிகாரம் சுற்றுகிற பக்கத்துக்கு வைத்து மூடியை முடுக்கினார். கடிகாரத்தைப் பின்னால் நின்று பார்த்தால் முள் எந்தப் பக்கம் சுற்றும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் வேலை பார்த்த காலமெல்லாம் கடிகாரத்தை முன்னால் நின்றுதான் பார்த்திருக்கிறார்கள், அதுவும் ஐந்து மணி ஆகிவிட்டதா என்று.

போகி விடிந்தது. தெருவெல்லாம் பழைய பாய், கிழிந்த தலையணை, அறுந்த துடைப்பம் எரிந்து கரும்புகை. ஏழு மணிக்கு வண்டியைத் தெருவில் இறக்கி, ரேஷன் கடையைப் பார்க்க நிறுத்தினார் கோதண்டம். ஒரு லிட்டர் பெட்ரோல் ஊற்றியாயிற்று. உத்தமன் பின் சீட்டில், முதுகோடு முதுகு ஒட்டி, பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னாடா இது, திருப்பிக்கினு உக்கார்ற?"

"பொக என்ன கலர்ல வருதுன்னு பாக்க வேணாமா? நீலமா வந்தா ஆயிலு ஜாஸ்தி. நீ ஓட்டு, நான் ரிப்போர்ட்டு குடுக்கறேன்."

உதைத்தார். கிக்கர் திருப்பி அவரை உதைத்தது. மறுபடி உதைத்தார். படபடவென்று பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் முட்ட முதல் கியரைப் போட்டு கிளட்ச்சை விட்டார். வண்டி ஜம்மென்று பின்னால் கிளம்பியது.

ஒரு நிமிடம் கோதண்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை. கைப்பிடி முன்னால், விளக்கு முன்னால், தான் முன்னால் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம். ரேஷன் கடை மட்டும் தள்ளித் தள்ளிப் போகிறது. கியர் மாறவில்லையோ என்று இரண்டாவது போட்டார். ரேஷன் கடை இன்னும் வேகமாகப் போனது.

"நைனா! சாவியத் திருப்பு! ஆஃப் பண்ணு!" என்றார் உத்தமன்.

சாவியைத் திருப்பினால் வண்டி நிற்கும்தான். நின்றால் வீடுவரை தள்ள வேண்டும். தள்ளினால் வேம்புலி. கோதண்டம் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கியரைப் போட்டார்.

"உத்தமா, இனிமே நீதான்டா டிரைவர். ரோட்டப் பாத்துச் சொல்லு, நான் வளைக்கிறேன்."

உத்தமனுக்கு இது புதிதல்ல. லோக்கல் ரயிலுக்கு இரண்டு பக்கமும் முகம்தான். திருவள்ளூர் போனதும் வண்டியைத் திருப்ப மாட்டார்கள். டிரைவர் இறங்கி அந்தப் பக்கம் போவார், கார்டு இந்தப் பக்கம் வருவார், அவ்வளவுதான். இருபத்தாறு வருடமாக அந்தப் பக்கத்து வேலைக்கு ஆசைப்பட்ட மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்தார்.

"லெப்ட்ல மாடு!"

"உன் லெப்ட்டா என் லெப்ட்டா?"

"மாட்டோட லெப்ட்டு, நைனா!"

மாடு புத்திசாலி. அதுவே ஒதுங்கிக்கொண்டது.

திருவள்ளூர் ரோட்டில் ஏறி ஆவடிப் பக்கம் திரும்பினார்கள். செக் போஸ்ட் சிக்னலில் நின்ற போக்குவரத்துக் காவலர் கையை நீட்டினார், மடக்கினார், மறுபடி நீட்டினார். முகத்தைப் பார்த்தால் வண்டி அம்பத்தூருக்குப் போகிறது. போவதைப் பார்த்தால் ஆவடிக்குப் போகிறது.

"யோவ், நீ வர்றியா போறியா?"

"ஊட்டுக்குப் போறேன் சார்!" என்றார் கோதண்டம்.

"யாருய்யா ஓட்டறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையைத் தூக்கினார்கள். காவலர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோவைப் பிடித்து லைசென்ஸ் கேட்டார்.

பட்டாபிராம் தாண்டும்போதுதான் கோதண்டத்துக்கு ஞாபகம் வந்தது.

"பொக என்னா கலர்றா?"

"பொக வரல அண்ணாத்தே."

"வரலயா?"

"வரல. போவுது."

டூ ஸ்ட்ரோக் எளிய எஞ்சின். ஒரு பக்கம் பெட்ரோல் போனால் மறுபக்கம் புகை வரும். அதைத் திருப்பிச் சுற்றினால் புகை போகும், பெட்ரோல் வரும். இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. ரோட்டோரம் எரிந்த பாய், தலையணை, டயர் எல்லாவற்றின் புகையும் பாம்பு மாதிரி நெளிந்து வந்து இரட்டை சைலன்ஸருக்குள் நுழைந்தது. கால்களுக்கு நடுவே டேங்கில் குளுகுளுவென்று ஏறுகிற சத்தம் கோதண்டத்துக்குக் கேட்டது. ஸ்பீடோமீட்டரில் கிலோமீட்டர் எண்ணிக்கையும் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே வந்தது. வண்டிக்கு வயசு குறையக் குறைய எஞ்சின் சத்தமும் பூனைபோல் மெத்தென்று ஆனது. திருநின்றவூர் ஏரியைச் சுற்றிக்கொண்டு திரும்பியபோது ஏரிமேல் வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. கோதண்டம் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு டாங்கி கொடுத்திருந்தாலும் இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

தெருவின் மறுமுனை வழியாக உள்ளே நுழைந்தார்கள். ரேஷன் கடை வந்தது. உத்தமன் கையை நீட்டி அதன் சுவரைத் தொட்டார். வீட்டு வாசலில் ராஜகுமாரி நின்றிருந்தாள். அவள் பக்கத்தில் வேம்புலி, மீன்பாடி வண்டியின் பின்பலகையை இறக்கி வைத்துக்கொண்டு. வாசலுக்கு ஏழு அடி இருந்தபோது வண்டி நின்றுவிட்டது.

ஓடுகிற வண்டி பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும். பின்னால் ஓடுகிற வண்டி பெட்ரோல் நிரம்பினால் நிற்கும். டேங்க் கழுத்துவரை தளும்பிக்கொண்டிருந்தது.

கோதண்டத்தின் கை தானாகக் கைப்பிடியைத் தள்ளப் போனது.

"தள்ளக் கூடாது" என்றாள் ராஜகுமாரி.

"எட்டாவ மூணு நிமிசம் கீது யக்கா" என்றான் வேம்புலி. "ஏழடிதானே, நா வோணா ஒரு கை புடிக்கட்டா? நம்ம கை பட்டுச்சுன்னா அது நம்ம சரக்கு, அதான் பாக்கறேன்."

"தூரப் போடா கய்தே!" என்று கத்திய உத்தமன், வீட்டுக்குள் ஓடி ரப்பர் குழாயும் கேனும் கொண்டு வந்தார். குழாயை டேங்கில் விட்டு உறிஞ்சினார். இரண்டு லிட்டர் கேனில் இறங்கியது. நாலு மிடறு உத்தமனுக்குள் இறங்கியது. அன்று முழுக்க யாரும் அவர் பக்கத்தில் தீக்குச்சி கிழிக்கவில்லை.

கோதண்டம் உதைத்தார். பிடிக்கவில்லை. உதைத்தார். இல்லை.

"ஒரு நிமிசம்" என்றான் வேம்புலி.

கோதண்டம் டேங்கைத் தடவிக்கொடுத்தார். தாலி கட்டின நாளில்கூட ராஜகுமாரியிடம் அப்படிக் குழைந்து பேசியதில்லை. "கண்ணு, உன் கார்புரேட்டரப் பதினோரு வாட்டி தொடச்சிருக்கேன்டா" என்று சொல்லி உதைத்தார். பிடித்துக்கொண்டது. பின்னாலேயே வந்து, வாசலில் ஒரு வளைவு வளைந்து, போர்டிகோவில் தன் இடத்தில் ஏறி நின்றது. உத்தமன் விசில் ஊதினார்.

"யக்கா, இது செல்லாது. திருப்பிக்கினு வந்துது" என்றான் வேம்புலி.

ராஜகுமாரி கொடியில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளை வேட்டியை விரலால் தேய்த்துப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள், கரி இல்லை. தெருவின் இரண்டு பக்கமும், பிறகு வானத்தையும் பார்த்தாள். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து ஒரு போகிக்கும் அவள் துவைத்த துணியில் கரி விழாமல் இருந்ததில்லை.

"எந்தப் பக்கம் பாத்துக்கினு வரணும்னு நான் சொல்லலியே" என்றாள். "வண்டி இங்கயே இருக்கட்டும். வருசா வருசம் போகி அன்னிக்கு விடிகாலைல எடுத்துக்கினு ஒரு ரவுண்டு வாங்க. டேய் வேம்புலி, வந்ததுக்கு உள்ள ஒரு அட்டப்பெட்டி கீது, அத எடுத்துக்கினு போ. மிஷின சமையக்கட்டுல வெச்சுக்கறேன்."

"சமையக்கட்டுல குழாய் இருக்குதா?" என்றார் கோதண்டம்.

"இல்லாமலா இத்தினி வருசமா பாத்திரம் தேய்க்கிறேன்?"

வண்டி இன்றும் அதே போர்டிகோவில், துடைத்து வைத்த குத்துவிளக்குபோல நிற்கிறது. அண்ணனூர்ப் பக்கம் வருகிறவர்கள் யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அதில் எஞ்சின் கிடையாது. வாங்கி வந்தபோதே இல்லை, கோதண்டம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.