மாடியில் ஒரு நோயாளி

ஈரோட்டுக் கல்லூரியில் பன்னிரண்டு வருஷம் ஆங்கிலக் கவிதை நடத்தியவள் காமாக்ஷி. அமெரிக்கா வந்தபின் டெக்சாஸில் காப்பெல் என்ற ஊரில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை. மாதம் ஒரு சனிக்கிழமை பக்கத்து ஊரான ரிச்சர்ட்சன் நூலகத்தில் ஏழெட்டுத் தமிழர்களைச் சேர்த்துவைத்து, பழைய ரொமாண்டிக் கவிதைகளையும் இடிந்த மாளிகையும் மர்மமுமான கோதிக் நாவல்களையும் பேசுவாள். மற்றவர்கள் புத்தகத்தைப் படித்துவிட்டு வருவார்கள். சேனாபதி சோகத்தோடு மட்டும் வருவார்.

ஐம்பது வயது. கவிதைக்காக வேலையைத் துறந்தேன் என்பார். கம்பெனிதான் அவரைத் துறந்தது என்பார், அதே கம்பெனியில் இருந்த கிட்டுசாமி. வேலை போனதும் முடி வளர்ந்தது. மே மாத டெக்சாஸ் வெயிலில் முழங்காலைத் தாண்டும் கறுப்புக் கோட்டு வந்தது. "தனிமைதான் மேடம் என் சொந்த ஊர்" என்று பெருமூச்சு விடுவார். விட்டுவிட்டு, கூட்டத்துக்கு யாரோ கொண்டுவந்த மெதுவடையில் ஆறாவதை எடுப்பார்.

இதையெல்லாம் காமாக்ஷி பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அவருடைய மனைவி. "வள்ளிக்கு முடியல" என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்தார். "வெளிச்சம் ஆகாது அவளுக்கு. மாடியில் இருட்டு ரூம்லேயே இருப்பா. தனக்குத்தானே பேசிப்பா. கதவைத் தட்டினா கோபம் வரும்." அவ்வளவுதான். மேலே கேட்டால் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குழுவில் இளையவளான கயலுக்குக் கண் கலங்கிவிடும். "எப்படித்தான் தாங்கிக்கிறாரோ!" என்பாள்.

அந்த மாதம் கூட்டத்தை ஆலன் என்ற ஊரில் தன் வீட்டிலேயே வைக்கலாம் என்று சேனாபதி அழைத்தார். பேச வேண்டிய விஷயம், இயற்கையின் பிரம்மாண்டத்துக்கு முன் மனிதன் சிறுத்துப்போகும் பரவசம். போனவர்கள் எட்டுப் பேர். அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி வீடுகள் நிற்கும் தெருவில், இவர் வீட்டு வாசலில் மட்டும் பிளாஸ்டிக்கில் செய்த இடிந்த தூண் இரண்டு. ஹாலில் திரையெல்லாம் இழுத்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்.

மேலேயிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. ஏற்ற இறக்கமில்லாத முணுமுணுப்பு. நிற்கும், மறுபடி தொடங்கும்.

"அவதான்" என்றார் சேனாபதி மெதுவாக. "காலையிலிருந்து இப்படித்தான்."

கயல் கைக்குட்டையை எடுத்தாள். காமாக்ஷியும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறைக்க வேண்டியதில்லை, துடைக்கத்தான் செய்தாள்.

நாலு மணிக்கு வானம் பச்சையும் கறுப்புமாகத் திரண்டது. சேனாபதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. பின்பக்கக் கண்ணாடிக் கதவைத் திறந்து, கோட்டு பறக்க, கைகளை விரித்து நின்றார். "வா புயலே! என்னைக் கரைச்சுடு!"

புயல் காது கொடுத்துக் கேட்டது. எலுமிச்சம்பழம் அளவில் ஓர் ஆலங்கட்டி அவர் தோளில் வந்து விழுந்தது. "அம்மா!" என்றார். அதே நேரம் ஊர்ச் சைரன் அலறத் தொடங்கியது. எல்லோருடைய போனிலும் டொர்னேடோ என்ற சுழல்காற்று வருவதாக எச்சரிக்கை. கிட்டுசாமி திரும்பிப் பார்ப்பதற்குள் சேனாபதியைக் காணோம். படிக்கட்டுக்கு அடியில், புயலுக்கு ஒதுங்க வசதியாக ஜன்னலே இல்லாமல் இருந்த சின்ன அறையின் கதவு படீரென்று சாத்திக்கொண்டது.

"சார், கதவைத் திறங்க சார்!" கயல் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம்தான் பதிலாக வந்தது.

அப்போது மாடியிலிருந்து ஒரு பெண் தடதடவென்று இறங்கி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சுடிதார், கழுத்தில் தொங்கும் ஹெட்செட். "எல்லாரும் ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் வாங்க. அந்த மெழுகுவர்த்தியை அணைங்க முதல்ல. எத்தனை பேர்? எட்டா?" அறைக்கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். "என்னங்க, திறங்க. இது எட்டு பேருக்கும்தான்."

கதவு திறந்தது.

வேக்குவம் கிளீனர், கொலுப் பெட்டிகள், பழைய சூட்கேஸ்களுக்கு நடுவே அத்தனை பேரும் முட்டி இடிக்க உட்கார்ந்தார்கள். கூரையில் ஆலங்கட்டி கொட்டும் சத்தம். எங்கோ கண்ணாடி உடைந்தது. கரண்டு போயிற்று. கயல் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையிடம் பேசுவது போல, "பயப்படாதீங்க அக்கா. இருட்டாத்தான் இருக்கு. நாங்கல்லாம் கூட இருக்கோம்" என்றாள்.

"நான் எதுக்குப் பயப்படணும்?" என்றாள் வள்ளி. "நீதாம்மா நடுங்குற."

"இல்ல... உங்களுக்கு உடம்பு..."

"எனக்கா? என்ன உடம்புக்கு?"

போன் வெளிச்சத்தில் சேனாபதி கொலுப் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். காமாக்ஷிதான் சொன்னாள். இருட்டு அறை, வெளிச்சம் ஆகாதது, தனக்குத்தானே பேசுவது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல்.

வள்ளி முழுசாகக் கேட்டாள். "நான் ரேடியாலஜிஸ்ட்" என்றாள். "வீட்டிலிருந்து ஸ்கேன் பார்க்கிறேன். ரூம் இருட்டா இருந்தாத்தான் படம் தெரியும். ரிப்போர்ட்டை மைக்ல சொல்லுவேன். நடுவுல கதவைத் தட்டினா கோபம் வராதா?" பிறகு கேட்டாள். "எவ்வளவு நாளா இந்தக் கதை?"

"ஒரு வருஷமா."

"ஒரு வருஷம். உங்கள்ல ஒருத்தருக்குக்கூட என்னை வந்து பார்க்கணும்னு தோணலையா?"

காமாக்ஷிக்கு முகம் எரிந்தது. மாடியில் பெண்ணைப் பூட்டிவைக்கும் நாவலைப் பாடம் நடத்தும்போதெல்லாம், 'அவள் பைத்தியம் என்று சொல்வது யார், அதை முதலில் கேளுங்கள்' என்று பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் அவள். சேனாபதி ஒரு கோட்டு மாட்டிய புளுகர். ஆனால் புளுகை வாங்கி ஒரு வருஷம் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் யார்?

"வள்ளி," என்று கனைத்தார் சேனாபதி, "நான் பொய் சொல்லல. ஒரு வார்த்தை பொய் கிடையாது. அது ஒரு கவிதைப் பார்வை..."

"வாயை மூடுங்க" என்றாள் காமாக்ஷி. பன்னிரண்டு வருஷ வகுப்பறைக் குரல். சேனாபதி மூடிக்கொண்டார்.

சுழல்காற்று ஆலனைத் தொடாமல் வடக்கே போய்விட்டது. அரைமணி கழித்து வெளியே வந்தபோது மாடி ஜன்னல் இரண்டு உடைந்திருந்தன. வள்ளியின் கார் முன்கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. பக்கவாதம் வந்த ஒருவரின் ஸ்கேன் காத்திருந்தது, வீட்டில் கரண்டு இல்லை. நேரே ஆஸ்பத்திரிக்கே போக வேண்டும். தெருமுனையில் மரத்தடியில் நின்றதால் காமாக்ஷியின் கார் தப்பித்திருந்தது. "வாங்க, நான் கொண்டுபோய் விடறேன்" என்றாள்.

ஃப்ரீவேயில் போகும்போது, தான் பாடம் நடத்திய அந்த நாவலைப் பற்றிக் காமாக்ஷி சொன்னாள். கொஞ்ச தூரம் போனபின் வள்ளி கேட்டாள், "அந்த மாதிரி நாவல்ல, மாடியில இருக்கிற பொம்பளைக்குக் கடைசில என்ன ஆகும்?"

"பெரும்பாலும் சாகடிச்சிடுவாங்க. அப்பத்தானே அந்தாளு நிம்மதியா இன்னொருத்தியைக் கட்டிக்கலாம்."

"இதைத்தான் கிளாஸ் எடுத்துச் சொல்லித் தர்றீங்களா?" என்றாள் வள்ளி. "அடுத்த எக்ஸிட்ல இறங்கணும்."

காமாக்ஷி எக்ஸிட்டில் காரைத் திருப்பினாள்.

வள்ளி வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. அவரைப் போகச் சொன்னாள். சேனாபதி காப்பெல்லில் ஒரு நண்பர் வீட்டுக்குக் குடிபோனார், கோட்டும் கூடவே போயிற்று. கயல் பத்து நாள் யாரோடும் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு வள்ளிக்குப் போன் செய்து அழுதாள். வள்ளி, கேஸ் இருக்கிறது, அப்புறம் கூப்பிடு என்று வைத்துவிட்டாளாம். சரிதான்.

ஆகஸ்டில் காப்பெல் கவிதை வட்டத்தை நடத்தும் ஓவியா போன் செய்தாள். புதுசாக ஒரு கவிஞர் வந்திருக்கிறார், மனைவியைப் பறிகொடுத்தவர், அவர் வாசிக்க ஆரம்பித்தால் கேட்கிறவர்களுக்கு அழுகை வந்துவிடுகிறது, நீங்கள் ஒரு தடவை வந்து கேட்க வேண்டும் என்றாள்.

"பறிகொடுத்தேன்னு அவர் வாயாலேயே சொன்னாரா?"

"நேரா சொல்லல அக்கா. 'அவள் இப்போது என்னோடு இல்லை'ன்னு சொல்லி, அப்படியே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

"ஓவியா, பேனா இருக்கா? அந்தம்மா நம்பர் தர்றேன், எழுதிக்கோ. டாக்டர் வள்ளி. நேத்துக்கூட எங்க வீட்டுல வந்து புளிக்குழம்பு சாப்பிட்டுட்டுப் போனாங்க. நீயே பேசிக் கேட்டுக்கோ."