கீலுக்குத் தைத்த பாவாடை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. படகுக் கிளப்காரர்கள் என் தலையில் கட்டியது. பல நாடுகளின் படகுகள் மோதும் பந்தயத்துக்கென்றே கட்டி, இறுதிச் சுற்றில் தோற்றுப்போன ஒரு பாய்மரப் படகின் வரலாற்றை நான் எழுதித் தரவேண்டும். வரலாறாகத்தான் ஆரம்பித்தேன்.

'கடல் அன்று அமைதியாக' (அடித்துவிட்டேன். எந்தக் கடலும் எனக்காக அமைதியாக இருந்ததில்லை.)

'கடைசியில் அந்தப் படகைக் காட்டிக்கொடுத்'

இங்கே பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதுதான் கதை.

2

படகின் அடியில் தொங்கும் கனத்த ஈயப் பாளத்தைக் கீல் என்பார்கள். (கதவுக்குப் போடும் கீல் அல்ல.) இந்தப் படகின் கீல் நுனியில் மீன்வால் போலப் பிளந்திருந்தது. வேகமெல்லாம் அந்த வாலில்தான். அதனால் படகைத் தண்ணீரிலிருந்து தூக்கும்போதெல்லாம், எதிராளி பார்த்துவிடாதபடி கீலைச் சுற்றித் துணி கட்டுவார்கள். தொழிலில் அதற்குப் பாவாடை என்றே பெயர்.

வாலின் வடிவம் தெரிந்தவர்கள் மூன்றே பேர்: படகை வடிவமைத்தவர், பாய்களையும் பாவாடையையும் தைத்த அவர் மனைவி, ஈயத்தை உருக்கி வார்த்த அவளுடைய தம்பி. பந்தயம் முடிந்து, ஜெயித்த படகைத் தூக்கினால், அதன் அடியிலும் அதே வால்!

வடிவமைத்தவர் யோசிக்கவே இல்லை. "வேற யாரு? என் அருமை மச்சான்தான்!" என்று பட்டறையில் எல்லார் முன்னாலும் கத்தினார். தம்பி கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன்தான். அக்கா வீட்டுப் படியை அப்புறம் மிதிக்கவில்லை.

3

(எழுத்தில் தம்பிக்கு ஒரு கள்ளச் சிரிப்பும் ஒரு புதுக் காரும் கொடுத்துப் பார்த்தேன். இரண்டும் ஒட்டவில்லை.)

இப்போது வடிவமைத்தவருக்கு வரலாற்றில் ஒரே ஒரு வாக்கியம் வேண்டும்: மச்சான்தான் காட்டிக்கொடுத்தான். அச்சில் வந்துவிட்டால் தம்பியால் எந்தத் துறைமுகத்திலும் தலைநிமிர முடியாது. அக்காவுக்கு அதை நினைத்தாலே சோறு இறங்கவில்லை. கணவரிடம் கெஞ்சினாள், சண்டை போட்டாள், பேசாமலும் இருந்து பார்த்தாள். எதுவும் பலிக்கவில்லை. கடைசியில் என்னைப் பாய் தைக்கும் கூடத்துக்கு வரச்சொல்லி, பழைய பாவாடையைத் தரையில் விரித்தாள்.

"பாருங்க சார். தொளதொளன்னு தைக்கச் சொன்னாங்க. எனக்கு அப்படித் தைக்க வந்தாத்தானே! கீழ ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைச்சுட்டேன். நனைஞ்சதும் வாலோட அப்படியே ஒட்டிக்கிட்டிருக்கும். கரையில நின்னவனெல்லாம் பார்த்திருப்பான். மறைக்கத் தைச்சதே அளவு காட்டிருச்சு. தம்பி மேல ஒரு தப்பும் இல்ல சார்."

மலைத்துப்போனேன். கச்சிதமாகத் தைத்தே பழகிய கைதான் இப்படியொரு தவறைச் செய்யும். கதை முடிந்தது என்று எழுந்தேன்.

(எழுந்தவன் அப்படியே போயிருக்க வேண்டும். சனியன் பிடித்த கண் குனிந்து பார்த்தது. துணி முழுக்க உப்பேறிப் பழுத்த நூல். பிடித்துத் தைத்த இடத்தில் மட்டும் நூல் வெள்ளைவெளேர், நேற்றுத்தான் தைத்ததுபோல.)

4

கணவர் வந்தார். அவரிடமும் அதையே சொன்னாள். இம்மி பிசகினாலும் தூக்கம் வராத மனிதர். துணியைத் தூக்கிப் பிடித்து, அந்தத் தையலை விரலால் தடவினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துணிதானா?"

"துணிதாங்க."

"சரி. துணின்னே எழுதிடுங்க சார்." பிறகு அவளிடம், "மச்சானை வரச்சொல்லு."

அவ்வளவுதான். அவள் உடைந்து அழுதாள். அழுதுகொண்டே போனை எடுத்தாள். "டேய், அக்கா பேசறேன்டா..."

5

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குத்தான் இடிக்கிறது. அவர் நூலைப் பார்த்தாரா, இல்லையா? பார்த்தும் ஒத்துக்கொண்டார் என்றால் அது மனைவி மேலுள்ள பாசமா? இல்லை (எழுதக் கை கூசுகிறது), வால் எப்படி வெளியே போனது என்று அவருக்கே தெரியுமா? ஒருவேளை, பாவம், அறுந்துபோன பழைய தையலை அவள் புது நூலால் திரும்பப் போட்டிருக்கலாம். அப்படியும் இருக்கலாம் இல்லையா?

வாக்கியம் இன்னும் அரைகுறையாகவே கிடக்கிறது: 'கடைசியில் அந்தப் படகைக் காட்டிக்கொடுத்'. வால் மட்டும்தான் பாக்கி. தான் என்று முடித்தால் தம்பி. தாள் என்றால் அக்கா. தார் என்றால் அவள் கணவர். தது என்றால் துணி. நான் போடமாட்டேன், பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பார்த்துப் போடுங்கள். தம்பி பஸ் ஏறிவிட்டான். அக்கா வாசலில் நிற்கிறாள்.