ஏன் வேண்டாமாம்?

சின்னவள் ஐஸ் பையைத் துண்டில் சுற்றி அக்காவின் இடது காதோரம் வைத்தாள். வலது காதோரம் இன்னொன்று. தலை சாயாமலிருக்கத் தலையணையின் நடுவே கையால் அமுக்கிப் பள்ளம் செய்தாள்.

"செத்தவளுக்கு என்னடி, ஜுரமா?" என்றாள் அத்தை, கதவருகே நின்றபடி.

"மூளை கெட்டுப் போகக் கூடாது அத்தை. வண்டி வர்ற வரைக்கும் இப்படித்தான் வச்சிருக்கணும்னு சொன்னாங்க."

"எந்த வண்டி?"

சின்னவள் துண்டின் நுனியைச் செருகினாள். விடிந்ததும் அக்காவின் மூச்சு நின்றது. டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். முதல் வேலையாக அவள் செய்தது நரம்பு ஆராய்ச்சி மையத்துக்குப் போன் போட்டதுதான். அழுகை அப்புறம். மூளைக்குத்தான் கெடு இருந்தது, அழுகைக்கு இல்லை.

அத்தை நேராக முன்கூடத்துக்குப் போனாள். "அண்ணே, இவ என்னமோ பண்றா. வந்து பாரேன்."

அப்பா வந்தார். ஐஸ் பைகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது என்று முகத்தில் தெரிந்தது.

"அதெல்லாம் அவ பேச்சுக்குச் சொன்னது."

"உங்க கண்ணு முன்னாடிதானேப்பா மூளையைக் கொடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டா?"

"போட்டா. நான் சரின்னு சொன்னேனா?"

சொல்லவில்லைதான். அன்றைக்கு அக்கா போட்டு முடித்ததும் தன் பேனாவை வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு தன் மெக்கானிக் ஷெட்டுக்குப் போய்விட்டார். ஆனால் வீட்டுப் பெரியவர் வேண்டாம் என்றால் மையத்துக்காரர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். அக்காவுக்கும் அது தெரியும். கடைசி வாரம் வாய் குழறக் குழற அவள் சின்னவளிடம் கேட்டது அந்த ஒன்றைத்தான்: "அப்பாவைப் பார்த்துக்கோ. குறுக்கே நிப்பாரு."

"பிரிச்சுப் பாக்கறதுக்கு அவ என்ன வண்டியா?" என்றார் அப்பா. "உசுரோட இருந்தப்ப குத்தினது போதாதா? படிச்சிருக்கேன்னு இதுவும் உன் இஷ்டமா?"

"என் இஷ்டம் இல்லப்பா. அவளோடது."

அவர் திரும்பி நின்று ஜன்னலைப் பார்த்தார். அவரிடம் இனிமேல் பேச முடியாது. பேச்சு முடிந்தது என்பதற்கு அவருடைய முதுகுதான் முற்றுப்புள்ளி.

சின்னவள் கட்டில் ஓரம் உட்கார்ந்தாள். உடம்பு முழுக்க வலித்தது. வருஷக்கணக்காக அக்காவைத் தூக்கி, திருப்பி, உட்கார வைத்த தோள். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். வாங்கிய பட்டத்துக்குப் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் காகிதங்களைப் படித்து வீட்டுக்குச் சொல்லும் வேலைதான் கிடைத்தது. அக்காவுக்கு வந்த எம்.எஸ். என்றால் உடம்பே தன் நரம்பின் மேலுறையை அரித்துத் தின்னும் நோய் என்று அவள்தான் சொன்னாள். "கரன்ட் ஒயர்ல எலி கடிச்ச மாதிரியா?" என்று கேட்டார் அப்பா. அதைவிடச் சுருக்கமாக எந்த டாக்டரும் சொல்லவில்லை.

அப்புறம் கேன்சர் வந்தது. வந்தது என்ன, எப்போதோ வந்து உட்கார்ந்திருந்தது. அக்குளில் வலி என்றால், அது உங்க நரம்பு நோய்தான் என்றார்கள். கை மரத்தால் நரம்பு. களைத்தால் நரம்பு. மார்பைப் படமெடுக்க அழைத்துப் போனபோது மிஷினில் இருந்த பெண், "நிக்க முடிஞ்சாதான் எடுக்க முடியும். நிக்க முடியறப்ப வாங்க" என்று சக்கர நாற்காலியைத் திருப்பி அனுப்பினாள். கட்டி காத்திருக்குமா? வளர்ந்தது.

"நானும் ரெண்டு பொண்டாட்டிக்காரி ஆயிட்டேன்டி" என்றாள் அக்கா. "மூத்தவ எம்.எஸ். இளையவ இவ. வலிச்சா யார் வேலைன்னு கேளு, ஒருத்தி இன்னொருத்தியைக் கை காட்டுவா."

டாக்டர்களும் அப்படியே கை காட்டினார்கள். புது மருந்து ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சின்னவள் எழுதிப் போட்டாள். நரம்புக்காரர்கள் கேன்சர் இருப்பதால் முடியாது என்றார்கள், கேன்சர்காரர்கள் எம்.எஸ். இருப்பதால் முடியாது என்றார்கள். கேன்சர் வந்தவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள் என்று தெரிந்து போனார்கள். கூட்டம் மாடியில். லிஃப்ட் இல்லை. கீழே உட்கார்ந்து மேலேயிருந்து வரும் கைதட்டலைக் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். கடைசிவரை அக்காவுக்குக் கை கொடுத்தது போனில் பேசும் எம்.எஸ். பெண்களின் கோஷ்டி மட்டும்தான். எந்த டாக்டர் காது கொடுத்துக் கேட்பார், எந்த மெத்தை புண் வராமல் தாங்கும் என்பதெல்லாம் அவர்கள் சொன்னது. மூளையும் தண்டுவடமும் கொடுக்கலாம் என்று சொன்னதும் அவர்களில் ஒருத்திதான். "உசுரோட சேத்துக்காதவங்க செத்தப்புறமாச்சும் சேத்துக்கட்டும்" என்று சிரித்தாள் அக்கா.

போன் அடித்தது. மையத்துப் பெண். சின்னவள் ஒலிபெருக்கியில் போட்டாள், அப்பா கேட்கட்டும் என்று.

"மேடம், கடைசி ஸ்கேன்ல மூளையில கேன்சர் பரவினதா இருக்கு. அப்படியிருந்தா எடுக்கறதில்லைன்னு எங்க விதி. ரொம்ப மன்னிச்சுக்கங்க."

ஐஸ் பையிலிருந்து நீர் வழிந்து தலையணை நனைந்துகொண்டிருந்தது.

அப்பா திரும்பினார்.

"ஏன் வேண்டாமாம்?"

"அக்காவுக்குக் கேன்சர் இருக்கறதாலப்பா."

"அதான் அவங்களுக்கு முன்னாடியே தெரியுமே? இங்க கொடு." போனை வாங்கினார். "ஏம்மா, நான் அவ அப்பா பேசறேன். என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்னு இல்ல சார். ரெண்டும் கலந்திருந்தா எது எதனால வந்ததுன்னு பிரிச்சுப் பார்க்க முடியாது..."

"எங்களால மட்டும் முடிஞ்சுதா? இத்தனை வருஷமா இது எதனால, அது எதனாலன்னு ஒருத்தன் சொல்லலை. ரெண்டும் வந்த பொம்பளை உலகத்துல இவ ஒருத்திதானா? மத்தவங்களும் இப்படியே போகணுமா? ஒவ்வொரு கதவா போய் நின்னோம்மா. நிக்கக்கூட முடியாது அவளால. போய் நின்னோம்."

அத்தை சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"பெரிய டாக்டர்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன் சார்."

"கேளுங்க. ஐஸ் வச்சிருக்கோம்."

போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்து அக்காவின் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தார். சின்னவள் புது ஐஸ் பைகளைக் கொண்டுவந்தாள். துண்டை அவரே சுற்றினார்.

மறுபடி அடித்தபோது முதல் மணியிலேயே எடுத்தார். தண்டுவடத்தை எடுத்துக்கொள்வார்களாம். மூளையை வாங்கி வைப்பார்களாம். பயன்படுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

"மூஞ்சி?" என்று கேட்டார்.

"முகம் அப்படியே இருக்கும் சார். சாயங்காலத்துக்குள்ள வீட்டுக்குக் கொண்டுவந்துடுவோம்."

"சரி," என்றார் அப்பா.

வண்டி தெருவில் திரும்பும்போதே கீச்சென்று கத்தியது. அப்பா வெளியே போனார். சின்னவள் பின்னாலேயே போனாள். டிரைவர் இன்ஜினை அணைப்பதற்குள் அவர் முன்பக்கத்தைத் தட்டினார்.

"பானட்டைத் திறங்க."

"சார்?"

"பெல்ட் கத்துது. எவ்வளவு நாளா?"

"ஒரு மாசமா கத்துது சார். ஓடுதேன்னு விட்டுட்டேன்."

அப்பா அவனை ஒரு கணம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்தார்.

"வழியில நின்னுடக் கூடாது," என்றார். "ஏய் சின்னது, ஸ்பேனர் பையை எடுத்துட்டு வா."

"அண்ணே, இந்த நேரத்துலயா..." என்றாள் அத்தை. அவர் காதில் விழவில்லை. குனிந்து போல்ட்டைத் தளர்த்தினார், பெல்ட்டை இழுத்துப் பிடித்தார், முறுக்கினார். வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டார். நிறுத்தச் சொல்லி இன்னும் அரைச் சுற்று முறுக்கினார்.

உள்ளேயிருந்து மையத்துக்காரர்கள் இரண்டு பேர் அக்காவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். வெள்ளைப் போர்வையின் ஓரம் சரிந்து தரையில் இழுபட்டது. அப்பா குனிந்தவர் பாதியில் கையை இழுத்துக்கொண்டார். விரலெல்லாம் கறுப்பு கிரீஸ்.

"நீ எடு," என்றார்.

சின்னவள் ஓரத்தை எடுத்து அக்காவின் காலுக்கடியில் செருகினாள். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது. அப்பா இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி, முழங்கையால் வண்டியின் பின்கதவைச் சாத்தினார். சரியாக விழவில்லை. இன்னொரு தரம் அழுத்தினார்.