பெட்டி மூடிய சத்தம்

பாரிசில் எங்கள் சனம் கூடும் லா சப்பலில் பரிசுப் பொதி கட்டுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு காலத்தில் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு காலம் என்றால் போன ஏப்ரல் வரைக்கும். சேலைக்கடையின் பின்பக்க மேசைதான் என் ராச்சியம். கல்யாணமோ பிறந்தநாளோ, இந்த யசோதினியின் கையால் கட்டினால்தான் ராசி என்று புறநகரான கூசேன்வில்லில் இருந்துகூட ஆட்கள் வருவார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

கடைக்கு வந்துபோகும் ஷிரோமி, மன்னாரில் இருந்து வந்த பிள்ளை. காலையில் அலுவலகங்களில் துப்புரவு வேலை. மற்ற நேரமெல்லாம் பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் தன்னுடைய ஒற்றை அறையில் இருந்து வாழ்த்து அட்டை செய்வாள். உறையில் போடுகிற அட்டை என்று நினைக்கவேண்டாம். மூடி வைத்தாலே நாலு விரல் தடிப்பு. திறந்தால் உள்ளேயிருந்து பூவோ தேரோ எழும்பி நிற்கும். அதுவரை தெரிந்தவர்களுக்குச் சும்மாதான் செய்து கொடுத்தாள். வெளியாள் ஒருவன் தேடிவந்து காசுக்குச் செய்வித்த முதல் அட்டை யதுர்ஷனுடையது. அவனுடைய பெற்றோர் தில்லைநாயகி அக்காவுக்கும் தவரத்தினம் அண்ணைக்கும் இருபத்தைந்தாவது திருமண நாள், மண்டபத்தில் விழா. பாரிசில் அவர்கள் முதன்முதல் குடியிருந்த ஆறு மாடிக் கட்டடத்தை, கறுப்புக் கடதாசியில் வெட்டிய பல்கனிக் கம்பிகளோடு அப்படியே செய்திருந்தாள்.

“இது சரிவந்தால், அந்த மண்டபத்துக்கு வாற சனமே எனக்கு வாடிக்கைக்குக் காணுமக்கா. துப்புரவு வேலையை விட்டிடுவன்” என்றாள்.

இப்படிப்பட்ட அட்டையைப் பொதி செய்ய ஒரு முறை இருக்கிறது. பெட்டி, அட்டையைவிட ஒரு விரலாவது உயரமாக இருக்க வேண்டும். மெல்லிய தாளைக் கசக்கிப் பக்கங்களில்தான் அடைய வேண்டும். மூடி அட்டையில் முட்டவே கூடாது. எனக்குத் தெரியாததா? ஆனால் உயரமான பெட்டிகள் கீழே நிலவறையில் இருந்தன. சனிக்கிழமைப் பின்னேரம், மேசைக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசை. யதுர்ஷன் காரைத் தெருவோரம் விட்டுவிட்டு வந்து அவசரப்படுத்துகிறான். எனக்கோ முழங்கால் நோவு. கைக்கு எட்டிய சேலைப் பெட்டியை எடுத்தேன். மூடி இறங்காமல் நின்றது. உள்ளங்கையை வைத்து ஓர் அமத்து அமத்தினேன்.

நறுக்கென்றது.

“என்ன சத்தமக்கா?” என்று பக்கத்தில் நின்ற ஷிரோமி கேட்டாள்.

வெளியே பாலத்தில் மெத்ரோ ரயில் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டியிருக்கலாம். அதைவிடச் சுலபமான பொய் வாயில் வந்தது.

“பெட்டி மூடின சத்தம்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். நான் பொன்நிற ரிபனைச் சுற்றி, தாமரைபோல முடிச்சுப் போட்டேன். வரிசையில் நின்ற ஒரு அம்மா “என்ன வடிவு” என்றார். யதுர்ஷன் வாங்கிக்கொண்டு ஓடினான். அந்த நேரம் உண்மையைச் சொல்லியிருந்தால் ஷிரோமி அன்றிரவே திருத்தியிருப்பாள். விழா மறுநாள் மாலைதான்.

மண்டபத்தில் மேடைக்கு முன்னால் இருநூறு பேர் இருந்திருப்பார்கள். எனக்கும் ஷிரோமிக்கும் அழைப்பு. யதுர்ஷன் ஒலிவாங்கியில் பேசிவிட்டுப் பெட்டியைத் தாயிடம் கொடுத்தான். தில்லைநாயகி அக்கா அட்டையை விரித்தார். கட்டடம் பாதி எழும்பியது. பிறகு மூன்றாம் மாடியில் மடிந்து முன்பக்கம் விழுந்தது. கூரை கழன்று மேடையில் உருண்டது.

“வீடு இடிஞ்சு போச்சு!” என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். தில்லைநாயகி அக்கா சிரிக்கவில்லை. மங்களமான நாளில் வீடு விழுவது எங்கள் சனத்துக்குச் சின்ன விஷயமா? அவர் முகம் கறுத்துவிட்டது.

ஷிரோமி எழுந்து நின்றாள். “பசை காயேல்லைப் போல. என்ரை பிழைதான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.”

ஒலிவாங்கி வேண்டாம், மேடை வேண்டாம், நான் இருந்த கதிரையிலிருந்தே ஒரு வசனம் சொன்னால் போதும். சொல்லாமல் கை தட்டினேன். வெட்கங்கெட்ட கை. எல்லாரும் சேர்ந்து தட்ட, சங்கடம் தீர்ந்தது, எனக்கு மட்டும்.

அடுத்த கிழமை தில்லைநாயகி அக்கா கடைக்கு வந்தார். “அந்தப் பெட்டைக்குக் கைராசி இல்லை. அவளிட்டை இனி ஒருத்தரும் வேலை குடுக்காதேங்கோ எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். ஆனால் பிள்ளை, உன்ரை ரிபனை நான் கழட்டி வைச்சிருக்கிறன். என்ன வேலைப்பாடு!” என்றார். நான் இளித்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து ஷிரோமி ஒரு பையோடு வந்தாள். உள்ளே வண்ணத் தாள்கள், வெட்டி முடிக்காத பூக்கள்.

“கடைக்கு உதவுமெண்டால் எடுங்கோ அக்கா. எனக்கு இனித் தேவையில்லை.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை. “நான்தான் உடைச்சனான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன்.

“தெரியுமக்கா. மேடையிலை முறிஞ்ச இடத்தைப் பாத்த உடனை அந்தச் சத்தம் விளங்கினது.”

“பிறகேன் பசை எண்டு சொன்னனீ?”

“அத்தினை பேருக்கு முன்னாலை உங்களை எப்பிடிக் காட்டிக் குடுக்கிறது? கடையிலையே திறந்து பாக்கச் சொல்லியிருக்கலாம். உங்களை நம்பேல்லை எண்டு நினைப்பீங்கள் எண்டு விட்டிட்டன்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. அவள் முன்னாலேயே தில்லைநாயகி அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, அவளுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டேன்.

“அக்கா, ஷிரோமியின்ரை கார்டை உடைச்சது நான். பெட்டியை அமத்தேக்கை முறிஞ்சது. எனக்கு அப்பவே தெரியும்.”

மறுமுனையில் சிரிப்பு.

“எனக்குக் கதை விடாதை பிள்ளை. அந்தப் பெட்டையிலை இரக்கப்பட்டு நீ பழியைத் தலையிலை போடுறாய். உன்ரை கையாவது பிழைக்கிறதாவது! உன்னைப்போல மனசு ஆருக்கு வரும்?”

“இல்லையக்கா, உண்மையாத்தான்...”

“சரி சரி. உனக்காக அவளை மன்னிச்சிட்டன் எண்டு சொல்லு” என்று வைத்துவிட்டார்.

ஷிரோமி தாள்களை மேசையில் அடுக்கி வைத்தாள். “வாறனக்கா, இப்ப பின்னேரமும் துப்புரவு வேலை, நேரமாகுது” என்று சொல்லிவிட்டு வெற்றுப் பையோடு போனாள்.