இரண்டு மார்க்கா, 1870

என்சியோ காசு சேர்க்கிற ஆள். காசைத் தொடுகிற ஆள் இல்லை. விரல் பட்டால் வெள்ளி கெட்டுவிடும் என்று, வாங்கிய நாளிலேயே தடித்த அட்டையின் வட்டக் குழிகளில் அழுத்திவிடுவார். அப்புறம் பார்ப்பதோடு சரி. ஜார் காலத்து வெள்ளிக் காசுகள், மார்க்காக்களும் ஐம்பது பென்னிகளும், இரட்டைத்தலைக் கழுகு முத்திரையோடு ஐம்பது வருடத்துக்கும் மேலாக அப்படியே படுத்துக் கிடந்தன. இந்தப் பைத்தியத்துக்கு மருந்து கிடையாது.

கயானி ஊர் நாணயச் சங்கத்தின் கண்காட்சியில் தன் காசு வரிசை முழுதாக இடம்பெற வேண்டும். எழுபத்தெட்டு வயதில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்காகச் சங்கத் தலைவர் ரெய்யோ பூதக்கண்ணாடியோடு வீட்டுக்கே வந்திருந்தார். என்சியோவின் மனைவி ஹில்க்கா காபி ஊற்றினாள்.

ரெய்யோ கையுறை மாட்டிக்கொண்டு காசுகளை ஒவ்வொன்றாகத் தள்ளி எடுத்தார். 1870-ஆம் வருடத்து இரண்டு மார்க்கா வந்ததும் அவர் கை நின்றது.

"யோவ் என்சியோ, இதை வெச்சு மீன் செதில் சுரண்டுனியா?"

விளிம்பில், அட்டை மறைத்திருந்த இடத்தில், கத்தியால் சீவிய தடம்.

"வாங்கும்போது சுத்தமா இருந்துது," என்றார் என்சியோ.

"அப்போ எலி கடிச்சிருக்கும். இதைக் கொண்டுபோய் வெச்சா வெளியூர்க்காரன் சிரிப்பான்ப்பா. வேற ஒண்ணு தேடிப் பிடி, அடுத்த வருஷம் பாக்கலாம்."

இரண்டாவது கோப்பை காபியையும் இன்னொரு ஏலக்காய் ரொட்டியையும் முடித்துவிட்டுத்தான் மனுஷர் கிளம்பினார். என்சியோவுக்குக் கோபம் வரவில்லை. வரும் என்று காத்திருந்தார், வரவேயில்லை. தடத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டிருந்தது.

ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம். அவர்களுக்குப் பெண் பிறந்து ஒரு வாரம். குழந்தைக்கு மூச்சு இழுத்தது. சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், நெருப்பு மூட்ட வந்த பக்கத்து வீட்டு ஆல்மா, குளிப்பாட்டுகிற தண்ணீரில் பழைய வெள்ளியைச் சுரண்டிப் போட்டால் பிள்ளை தேறும், ஒரு காசு கொடு என்று கேட்டாள். கீறல் விழுந்தால் காசு வீணாகிவிடும் என்று அவர் மறுத்துவிட்டார். ஒன்பதாம் நாள் குழந்தை போய்விட்டது. இதயத்தில் ஓட்டை, யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதை அவர் அன்றிலிருந்து கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஹில்க்கா தன்னை மன்னித்தாளா என்று கேட்கிற தைரியம் மட்டும் அவருக்கு வந்ததே இல்லை.

"நீயா?" என்று ஹில்க்காவிடம் கேட்டார்.

"நான்தான்." அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நீ மரம் வெட்டப் போயிருந்தே. எடுத்து, சுரண்டிட்டு, திரும்ப அமுக்கி வெச்சுட்டேன்."

"சொல்லியிருக்கலாமே."

"புள்ளை பொழைச்சிருந்தா சொல்லியிருப்பேன்."

அவர் காசை வெறும் விரலால் எடுத்தார். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான். உள்ளே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தார். மரத்துப்போன காலைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

"வெட்டு சின்னதாத்தான் இருக்கு," என்றார் கடைசியில்.

ஹில்க்கா குழாயை மூடினாள்.

"கொஞ்சமாத்தான் சுரண்டினேன். உன் காசு வீணாயிடக் கூடாதேன்னு." ஈரக் கையைத் துடைக்காமல் நின்றாள். "இன்னும் கொஞ்சம் சுரண்டியிருக்கலாமோன்னு இன்னிக்கும் தோணுது."