திறந்து கிடந்த குழாய்

குழிக்குள் குனிந்து வால்வைத் திறந்துவிட்டு நிமிர்ந்தபோது வால்வுக்காரருக்கு இடுப்பு விட்டுப்போனது.

முன்பெல்லாம் தினமும் தண்ணீர் விடுவார்கள். இப்போது மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டு, மண் நனைவதற்குள் ஓடிவிடுகிறது. அப்புறம் மாதக்கணக்கில் வெயில். ஏரி வற்ற வற்ற பஞ்சாயத்து ஆபீஸில் தெருத்தெருவாக முறை வைத்துவிட்டார்கள். வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம்.

இன்று அவர் குடியிருந்த பள்ளத்தெருவின் முறை. அதே முறையில்தான் மேட்டுத்தெருவுக்கும் தண்ணீர் ஏறவேண்டும். அங்கே அவர் தங்கை இருந்தாள். அவள் வீட்டுக்காரர் படுத்த படுக்கை. போன முறை அங்கே சொட்டுகூட ஏறவில்லை. ஆளைத் துடைக்கக் குடிக்கிற தண்ணீரைத்தான் எடுத்தாள். "இந்தத் தடவை வந்துடும்" என்று நேற்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேடேறினார். தங்கை குடங்களை வரிசை வைத்துவிட்டுக் குழாயில் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்லுது?"

"மூச்சு விடுது அண்ணே. உங்க மாப்பிள்ளை மாதிரி. மூச்சு மட்டும்தான்."

"காதுல விழுது" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "படுத்துத்தான் இருக்கேன். செவிடாகல."

கீழே எவனோ குழாயைத் திறந்து போட்டிருக்கிறான் என்று அவருக்குப் புரிந்தது. தண்ணீர் வராத நாளில் திருகிப் பார்ப்பார்கள்; காற்றுதான் வரும்; எரிச்சலில் மூடாமலே வேலைக்குப் போய்விடுவார்கள்.

பள்ளத்தெருவில் பாதி வீடு பூட்டியிருந்தது. வாசல் கம்பிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிக்கொண்டும் வந்தார்.

தையல்கார அம்மா மிஷினை நிறுத்தினாள். "யாரைத் திட்டுறீங்க? உங்க வீட்டுல பொங்கி வழியுது. தெருக்கோடில ஆறா ஓடுது பாருங்க."

ஓடினார். தெருவிலேயே தாழ்ந்த வீடு அவருடையது. குழாய் பீய்ச்சிக்கொண்டிருந்தது. வாளி நிறைந்து, சாக்கடை நிறைந்து, தெருநாய் ஒன்று காலை நனைத்துக்கொண்டு நின்றது. காலையில் முகம் கழுவத் திருகியதும் காற்று வந்ததும் நினைவுக்கு வந்தது. மூடியது நினைவுக்கு வரவில்லை.

மூடிவிட்டு வால்வுக் குழிக்குத் திரும்பினார். இன்னும் பத்து நிமிஷம் விட்டால் மேட்டில் ஏறிவிடும். ஆனால் அடுத்த தெருக்காரர்கள் குடத்தோடு குழியைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"உங்க தெரு சாக்கடையே குளிச்சாச்சு போல" என்றான் ஒருவன். "எங்க முறையைத் திறங்க, நேரமாச்சு."

அவர் குழிக்குள் குனிந்தார். ஒன்றை மூடி மற்றதைத் திறந்தார்.

வீட்டு வாளியிலிருந்ததை இரண்டு குடத்தில் ஊற்றிச் சைக்கிளில் கட்டி மறுபடி மேடேறினார்.

"குழாயில வரும்னீங்க. சைக்கிள்ல வருது" என்றாள் தங்கை.

"என் வீட்டுக் குழாய்தான்மா. நான்தான் திறந்து போட்டுட்டேன்."

அவளுக்குக் கோபப்படக்கூட அலுப்பாயிருந்தது போல. கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு, "முதுகு துடைக்கணும், பிடிங்க" என்றாள்.

விட்டுப்போன இடுப்போடு மாப்பிள்ளையைத் தூக்கிப் பிடித்தார். அவள் துடைத்த துணியை அதே கிண்ணத்தில் பிழிந்து மறுபடி துடைத்தாள்.

கிளம்பும்போது வாசல் குழாயை மூடக் கை வைத்தார்.

"கிடக்கட்டும் அண்ணே" என்றாள். "இது திறந்து கிடந்தா யாருக்கு நஷ்டம்?"