சிவப்பு அட்டையும் நீல அட்டையும்

மருந்தாளுநர் பூஜிதாவின் மேசைக்கு எதிரே திருமூர்த்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி மாரியாத்தாள், மடியில் மாத்திரைப் பை. கதவோர நாற்காலியில் சர்ஜன் அபிலாஷ். மறுநாள் குடலிறக்க ஆபரேஷன்.

"ரத்தம் உறையாம இருக்கற மாத்திரைய நிறுத்தி ஒரு வாரமாச்சுங்களா?" என்று கேட்டாள் பூஜிதா.

"செவப்பு அட்டைதானுங்க அம்மணி? அன்னைக்கே நிறுத்திப்போட்டனுங்க."

டாக்டருக்கு அது போதுமாயிருந்தது. பூஜிதா பையை வாங்கிக் கொட்டிப் பார்த்தாள். சிவப்பு அட்டையில் இருந்தது ரத்த அழுத்த மாத்திரை. கிணத்துக்கடவு மருந்துக்கடையில் போன மாதம் கம்பெனி மாற்றிக் கொடுத்ததில் அட்டைகளின் நிறமும் மாறியிருந்தது. நிறுத்தச் சொன்ன மாத்திரை இப்போது நீல அட்டையில். அன்று காலையிலும் விழுங்கியிருந்தார்.

"நாளைக்குக் கத்தி வெச்சிருந்தா ரத்தம் நிக்கறது கஷ்டம்" என்றார் அபிலாஷ்.

"சேலை எடுக்கப் போனா ஒரு நெறமும் தெரியாது. இதுக்கு மட்டும் நெறம் பாத்தாராமா!" என்றாள் மாரியாத்தாள்.

திருமூர்த்தியின் முகம் வாடியது. "ஒரு வருசமா தேங்காய் மூட்டை தூக்க முடியலீங்க. ஆபரேஷன் இல்லைன்னு அனுப்பிப்போடுவீங்களா?"

"பத்து நாள்ல கட்டாயம் செஞ்சரலாமுங்க" என்றார் டாக்டர்.

பூஜிதா மருந்துக்கடைக்காரருக்குக் கடிதம் எழுதினாள்: எதை இன்றே நிறுத்துவது, எதை விடாமல் கொடுப்பது, ஆபரேஷன் முடியும்வரை கம்பெனியை மாற்ற வேண்டாம். மாத்திரைப் பெயர்களைத் தமிழில் பெரிதாக எழுதினாள். அபிலாஷ் கையெழுத்திட்டார். உறையை ஒட்டி மாரியாத்தாளிடம் கொடுத்தாள். கிணத்துக்கடவு வழியாகப் போகும் பொள்ளாச்சி பஸ்ஸில் அது அவர்களோடு புறப்பட்டது.